காரண வரிசை

போன மாதம் எங்கள் தேயிலைத் தோட்டத்து முன்பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் இரண்டு பெண்பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தார்கள். நுவரெலியாவில் ஏதோ பயிற்சிப் பட்டறை நடக்கிறதாம், சிறு பிள்ளைகளின் மன அழுத்தம் பற்றி. கையில் பைல், கழுத்தில் அடையாள அட்டை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடித்து முடித்ததும் ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"டீச்சர், ஒங்க காலத்துல லயத்துப் புள்ளைங்களுக்கு மன அழுத்தமெல்லாம் இருந்துச்சா?"

"இல்லம்மா. அப்பல்லாம் புள்ளைங்களக் கருங்கல்லுல செஞ்சு அனுப்புவாங்க" என்றேன். அந்தப் பெண் அதையும் எழுதிக்கொள்ளப் போனாள். பிறகுதான் நான் கேலி செய்கிறேன் என்று புரிந்து சிரித்தாள்.

அந்தச் சொல் எங்களிடம் இருக்கவில்லை, அவ்வளவுதான். சமாசாரம் தாராளமாக இருந்தது. நாங்கள் அதை வயிற்று வலி என்றோம், பூச்சி என்றோம், பயந்த கோளாறு என்றோம். பொறுமை தீர்ந்துபோன நாட்களில் கொழுப்பு என்றும் சொன்னோம். அந்தப் பெண்களுக்கு அன்றைக்கு நான் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். அடக்கமாக எழுத எனக்கு வராது. முதலாம் வகுப்புப் பிள்ளைகளை என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொண்ட டீச்சர் அந்த வட்டாரத்தில் அன்று இருந்ததாக நான் நினைக்கவில்லை. இருந்தால் வந்து சொல்லட்டும்.

நான் திம்புள்ளைப் பக்கம் ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். அம்மா கொழுந்தெடுத்தாள், அப்பா தொழிற்சாலையில் காவல். மிஷன்காரர்கள் படிக்க வைத்தார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. களிமண்ணில் மாம்பழம் செய்யவும், கரும்பலகையில் கோணாமல் எழுதவும், ஆர்மோனியம் இல்லாமல் பாட்டுச் சொல்லிக் கொடுக்கவும் பழகினேன். காலையில் வாந்தி எடுக்கும் பிள்ளையை என்ன செய்வது என்று அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களில் கந்தப்பளைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் எஸ்தர் டீச்சர் என்று வந்து சேர்ந்தேன்.

பாடசாலை என்றால் ஒரே மண்டபம். தகரக் கூரை, அரைச் சுவர், ஒரு மூலையில் நானும் என் குட்டிகளும், மற்ற மூலைகளில் மேல் வகுப்புகள். மழை பெய்தால் யார் என்ன படிக்கிறோம் என்று யாருக்கும் கேட்காது. அந்த நேரங்களில் நான் கதை சொல்வதை விட்டுவிட்டுக் கையால் அபிநயம் பிடிப்பேன்.

தலைமை ஆசிரியரை எல்லோரும் பெரிய சார் என்போம். திருநெல்வேலிக்காரர். வெள்ளைக் கோட்டு, குடை, பளபளவென்று சப்பாத்து. அவர் பேசுவது அச்சடித்த தமிழ். சமையல்காரப் பையனிடம்கூட "தம்பி, உப்பு சற்று மிகுந்துவிட்டது" என்றுதான் சொல்வார். பாடசாலைத் தோட்டத்தில் மேய வந்த ஆட்டைப் பார்த்து "இங்கிருந்து அகன்று செல்" என்று அவர் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். ஆடும் போனது. பிரம்பு வைத்திருந்தார், ஆனால் அதால் தேசப்படத்தில் ஊர்களைக் காட்டியதைத் தவிர வேறு எதையும் செய்ததில்லை. ஒரு பிள்ளையை ஏச வேண்டுமானால் முதலில் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் பாதிக் கோபம் போய்விடும். மீதிப் பாதியைத்தான் பிள்ளை வாங்கும்.

அப்படிப்பட்ட நல்ல மனிதர் செய்த ஏற்பாடுதான் காரண வரிசை.

தோட்டத்தில் விடியற்காலையில் தப்பு மேளம் அடித்ததும் ஆட்கள் பெரட்டுக்களத்துக்கு ஓடுவார்கள். அங்கே வந்து நின்றால்தான் அன்றைக்குப் பேர், அதாவது வேலை. பிந்தி வந்தால் கங்காணி காரணம் கேட்பார். காரணம் பிடிக்காவிட்டால் வெரட்டிவிடுவார். அன்றைக்குப் பேர் இல்லை. பெரிய சாருக்கு இந்த ஒழுங்கு பிடித்திருந்தது. வெரட்டுவதை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டார். மணி அடித்து, தேவாரமும் ஜெபமும் முடிந்த பிறகு வரும் பிள்ளைகள் உள்ளே வராமல் படியோரம் வரிசையாக நிற்க வேண்டும். சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொருவரிடமும் "காரணம்?" என்பார். பிள்ளை பாடசாலை முழுதும் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னால் போதும், உள்ளே வரலாம். அடி இல்லை, ஏச்சு இல்லை.

"காரணம் சொல்லப் பழகினால் பொய் சொல்லக் கூச்சம் வரும், டீச்சர்" என்பார் சார். அதில் தப்புக் கண்டுபிடிக்க எனக்கு ரொம்ப நாள் தோன்றவில்லை. பிள்ளைகள் சொல்லும் காரணங்கள் எங்களுக்கு வேடிக்கையாகவும் இருந்தன. "எங்கப்பா வேட்டிய எங்கண்ணன் கட்டிக்கிட்டுப் போயிட்டான் சார்" என்று ஒருவன் சொன்னான். அதற்கும் அவன் பிந்தியதற்கும் என்ன சம்பந்தம் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

என் வகுப்பில் ஆறு வயதுப் பிள்ளை ஒன்று, பெயர் பாக்கியம். அம்மா வீராயி கொழுந்தெடுப்பவள், அப்பா வேலு தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவன். மடியில் ஒரு தம்பிப் பாப்பா. தப்பு அடித்ததும் அம்மா ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு கூடையோடு ஓடுவாள். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய், வேலை நேரத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பாடசாலைக்கு வருவது பாக்கியத்தின் வேலை. காலையில் தோட்டம் முழுக்க இந்தக் காட்சிதான்: குட்டி இடுப்புகளில் அதைவிடக் குட்டிப் பிள்ளைகள். தம்பி அழுதால், ஈரம் செய்தால், பிள்ளைக் காம்பரா ஆயம்மா கதவு திறக்கச் சுணங்கினால், பாக்கியம் காரண வரிசையில் நிற்பாள். நல்ல வாயாடி. காரணத்தைக் கதையாகச் சொல்வாள், கை கால் ஆட்டி, ஆயம்மாவின் இருமல் உட்பட.

அந்த வாயாடி திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டாள். மழைக்காலம் அது. வருகைக்குப் பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்கினாள். பாட்டில் உதடு அசையவில்லை. பாடம் வாசிக்கச் சொன்னால் இரண்டு விரலால் உதட்டைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். காலையில் படியேறியதும் குரோட்டன் செடிக்குப் பக்கத்தில் போய் வாந்தி எடுத்தாள். தின்ற ரொட்டி அப்படியே வந்தது.

டிஸ்பென்சரியில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். பூச்சியும் வந்தது. அந்தக் காலத்தில் எந்தப் பிள்ளைக்குக் கொடுத்தாலும் வரும். வாந்தி நிற்கவில்லை. கோயில் பூசாரி மந்திரித்துக் கயிறு கட்டினார். அதற்கும் நிற்கவில்லை. மறுபடி பூச்சி மருந்து. கன்னத்தில் இருந்த சதையெல்லாம் போய் அவளுடைய கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் வீராயி கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு, படங்கில் ஈரம் சொட்ட, பாடசாலை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். சேறு ஒட்டிவிடும் என்று வரவில்லை.

"டீச்சர், பெரிய சார்கிட்டச் சொல்லி பாக்கியம் பேர வெட்டிருங்க. சனிக்கெழம அவ சித்தப்பா வலப்பனையிலருந்து வர்றாரு. கூட்டிட்டுப் போயிருவாரு."

"எத்தன நாளைக்கி?"

"எந்தங்கச்சி வீட்டுல கைப்புள்ள இருக்கு. பாத்துக்கிட்டுக் கெடப்பா. காத்து மாறுனா இவளுக்கும் தெளியும். இங்க வச்சிக்கிட்டு நான் என்னா செய்ய? காலையில வாந்தி எடுத்தா கழுவித் தொடச்சி, அவ தம்பியவும் பாத்து, பெரட்டுக்கு ஓடுறேன். போன வாரம் மறுபடி வெரட்டிட்டாங்க."

வலப்பனைக்குப் போகும் பிள்ளை திரும்பி வராது. எனக்குத் தெரியும். இப்படிப் போனவர்கள் கைப்பிள்ளை நடக்கும்வரை இருப்பார்கள். அதற்குள் அடுத்த கைப்பிள்ளை வந்துவிடும். பாக்கியத்துக்குப் பள்ளிக்கூடமும் போகும், அம்மாவும் போவாள். "சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு, பாப்போம்" என்று சொல்லி அனுப்பினேன். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம், அது இன்னும் மோசம்.

பயிற்சியில் கற்றதைவிட எனக்கு உதவிய பழக்கம் ஒன்று உண்டு. இடைவேளையில் மற்ற ஆசிரியர்கள் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். நான் கையில் கோப்பையோடு அரைச்சுவரில் சாய்ந்து பிள்ளைகளின் விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பார்க்கிறேன் என்று தெரியாமல் பார்க்க வேண்டும். அதனால் மலையைப் பார்ப்பதுபோல் நிற்பேன். வகுப்பில் கேட்டால் சொல்லாததை எல்லாம் விளையாட்டில் சொல்லிவிடுவார்கள். அப்பா அம்மாவை அடிப்பது, அண்ணன் பீடி குடிப்பது, பக்கத்து வீட்டுக் காம்பராவோடு சண்டை எல்லாம் அங்கேதான் எனக்குத் தெரிய வரும்.

லயத்துப் பிள்ளைகள் அதிகம் விளையாடியது பெரட்டு விளையாட்டு. ஒருவர் கங்காணி, மற்றவர்கள் ஆட்கள். பெரணி இலையை முதுகில் செருகினால் கூடை. எங்கள் பாடசாலையில் கங்காணி வேஷம் எப்போதும் சரசுவுக்குத்தான், ஏனென்றால் அவள் நிசக் கங்காணியின் பேத்தி. தாத்தா மாதிரியே தோளைத் தூக்கி, குச்சியை ஊன்றி, துப்புவதற்கு முன்னால் வானத்தைப் பார்ப்பாள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை நான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பாக்கியமும் அந்த விளையாட்டில் இருந்தாள். ஆட்களின் வரிசையில் அவள் நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளி, செடி மறைவில், வேறு ஒரு சின்னப் பெண்ணைத் தனக்குப் பிள்ளையாக வைத்துக்கொண்டு அம்மா வேஷம் கட்டியிருந்தாள். இடுப்பில் பெரணி, தலையில் துண்டு. கங்காணி சரசு கையைத் தட்டிக் கூப்பிட்டதும், பாக்கியம் ஓடுவதுபோல ஓடி, திரும்பி வந்து, அந்தச் சின்னப் பெண்ணின் தாடையைப் பிடித்தாள்.

அப்போது அவள் பேசினாள். எத்தனையோ நாள் கழித்து நான் கேட்ட குரல். அப்படியே வீராயியின் குரல், பல்லைக் கடித்துக்கொண்டு:

"பள்ளிக்கூடத்துல வாயத் தொறந்த, கொன்னுருவேன். ஒன் வாயாலதான் எனக்குப் பேரு போச்சி. இனி ஒரு வார்த்த பேசுனியோ, கங்காணி என்னய மறுபடி வெரட்டுவாரு. அப்புறம் தம்பிக்குப் பாலு கெடயாது. வெளங்குதா?"

அந்தச் சின்னப் பெண் தலையாட்டினாள். பாக்கியம் அவள் உதடுகளை இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்துக் காட்டினாள், இப்படி வைத்துக்கொள் என்று.

கோப்பையில் இருந்த தேத்தண்ணி ஆறிப்போனது. எனக்குப் பெரும் தெம்பு வந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மருந்தும் மந்திரமும் தேடிக்கொண்டிருந்த பூச்சி எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் பீலிக்கரைக்குப் போனேன். லயத்துப் பெண்கள் மலையிலிருந்து வந்து கைகால் கழுவி, குடம் நிரப்பும் இடம் அது. வீராயி கொழுந்துக் கறை படிந்த கையைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தாள். தனியாகக் கூப்பிட்டு, நான் பார்த்ததைச் சொன்னேன்.

அவள் முகம் முதலில் கறுத்தது. "வெளையாட்டப் பாத்துட்டு வந்து பேசுறீங்களா டீச்சர்?" என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள். தம்பிக்குக் காய்ச்சல் அடித்த அன்று அவள் பெரட்டுக்குப் பிந்திப் போயிருக்கிறாள். கங்காணி வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறார். பாக்கியம் காரண வரிசையில் நின்று அதை அப்படியே நடித்துக் காட்டியிருக்கிறாள், கங்காணி துப்புவது வரைக்கும். பாடசாலை முழுதும் சிரித்தது எனக்கும் ஞாபகம் வந்தது. சரசு வீட்டில் போய்ச் சொல்லிவிட்டாள். மறுநாள் பெரட்டுக்களத்தில் கங்காணி எல்லார் முன்னாலும், "என் கூத்து பள்ளிக்கூடத்துல நடக்குதாமே, போயி அங்கேயே பேரு வாங்கிக்க" என்று வீராயியை வெரட்டிவிட்டார்.

"அப்ப அவ வாயாலதான போச்சி? பொய்யா சொன்னேன் நானு?"

"பொய் இல்லக்கா. நெசந்தான். ஆனா ஆறு வயசுப் புள்ள சொமக்குற கூடையா அது?"

"எனக்கு மட்டும் யாரு எறக்கி வச்சா?" என்று சத்தம் போட்டாள். பீலியில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஒங்களுக்கு மாசம் பொறந்தாச் சம்பளம், டீச்சர். எங்களுக்குத் தப்பு அடிச்சா ஒடம்பு நடுங்குது. ஓடுற ஓட்டத்துல ஒரு சொல்லு சொல்லியிருப்பேன். அத நான் அன்னைக்கே மறந்துட்டேன்."

"நீங்க மறந்துட்டீங்க. அவ மறக்கல. ஒங்க பேரக் காப்பாத்தத்தான் அவ வாயக் கட்டிக்கிட்டுக் கெடக்குறா. தெனமும் பள்ளிக்கூடத்துப் படியில கால வச்சதும், எங்க பேசிருவோமோன்னு வயித்தப் பொரட்டுது. சொன்னது நீங்க. நீங்க எடுத்தாத்தான் போகும். நான் ஆயிரம் தடவ சொன்னாலும் போகாது."

வீராயி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "பாப்போம்" என்று மட்டும் சொன்னாள். திங்கட்கிழமை நான் அவளுக்குச் சொன்ன அதே வார்த்தை. அவள் வீட்டுக்குப் போகும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்து பெரிய சார். மறுநாள் பாடசாலை விட்டதும் அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். காரண வரிசை அவருடைய குழந்தை என்று தெரியும். சுற்றி வளைக்காமல் சொன்னேன். வீட்டில் நடப்பதை ஊர் முன்னால் சொல்ல வைத்தால், அது ஊர் வழியாகத் திரும்ப வீட்டுக்கே போய் அந்தப் பிள்ளையின் தலையில் விழுகிறது என்றேன்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உண்மை சொல்வதற்குப் பழக்குகிறேன் என்று எண்ணினேன்" என்றார் கடைசியில். "வரிசையை நீக்கிவிடச் சொல்கிறீர்களா?"

"நீக்க வேணாம் சார். பிந்தி வந்தா நிக்கட்டும். ஆனா சொல்ல முடியாத காரணம்னு ஒண்ணு இருக்கலாம்ல? அதுக்கும் ஒரு வழி வேணும்."

"விதியைப் பலகையில் எழுதிப் போட்டால் முதலாம் வகுப்புக்கு வாசிக்கத் தெரியாது." கொஞ்சம் யோசித்தார். "நாளைக் காலை வரிசையை நீங்கள் விசாரியுங்கள். நான் சற்றுப் பிந்துவேன்."

இந்த மனிதர் குடியிருந்தது பாடசாலையை ஒட்டிய குவார்ட்டர்ஸில். படுக்கையிலிருந்து உருண்டால் மேசையில் வந்து விழலாம். அவர் பிந்துவதென்றால் அதற்கு முயற்சி வேண்டும். வியாழக்கிழமை மணி அடித்தது, பாட்டு முடிந்தது, சாரைக் காணவில்லை. பிள்ளைகள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். கடைசியில் ரோட்டுப் பக்கம் கறுப்புக் குடை தெரிந்தது. பின்கதவால் இறங்கி, சுற்றுப் பாதையில் நடந்து, வேர்த்து விறுவிறுத்து வந்து, குடையை மடக்கி, படியோரம் நின்ற மூன்று பொடியன்களுக்குப் பின்னால் நாலாவது ஆளாக நின்றார்.

பொடியன்களை விசாரித்து அனுப்பிவிட்டேன். அடுத்தது சார்.

"காரணம்?" என்றேன்.

"காரணம் உண்டு. சொல்ல விரும்பவில்லை" என்றார் அவர், பாடசாலை முழுதும் கேட்க.

"சரி, உள்ள போங்க சார்."

நன்றி சொல்லிவிட்டு உள்ளே போய்ப் புத்தகத்தைத் திறந்தார். அவ்வளவுதான். அடுத்த சில நாட்கள் மேல் வகுப்புப் பையன்கள் வேண்டுமென்றே பிந்தி வந்து "காரணம் உண்டு, சொல்ல விரும்பவில்லை" என்று அவர் குரலிலேயே சொன்னார்கள். அவர் எல்லோரையும் உள்ளே விட்டார். சலித்துப்போய் அவர்களாகவே நிறுத்தினார்கள். என் உத்தியோக வாழ்க்கையில் பிறகு எத்தனையோ தலைமை ஆசிரியர்களைப் பார்த்தேன். தான் போட்ட விதியைத் தானே வரிசையில் நின்று திருத்தியவர் அவர் ஒருவர்தான்.

ஆனால் அன்றைக்கும் பாக்கியம் வாந்தி எடுத்தாள். வாசல் திறந்துவிட்டது, அவள் வாய் திறக்கவில்லை. அவளைக் கட்டிப்போட்டிருந்த வார்த்தை எங்கள் பாடசாலையில் சொன்னது இல்லையே. சாயங்காலம் பீலிக்கரையில் வீராயியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காததுபோல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். மறுபடி போய்ப் பேசலாமா என்று நினைத்தேன். வேண்டாம் என்று விட்டேன். இன்னொரு சொல் சொன்னால் அது அவள் தலையில் நான் ஏற்றும் கூடையாகிவிடும்.

வெள்ளிக்கிழமை மணி அடித்தது, பாக்கியம் வரவில்லை. சித்தப்பா ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டாரோ என்று நினைத்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, நான் வாயசைத்தேனே தவிரப் பாடவில்லை. ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தால், படியோரம் வீராயி நிற்கிறாள். இடுப்பில் படங்கு இல்லை. தோய்த்த சேலை. கையைப் பிடித்துக்கொண்டு பாக்கியம். அந்தப் பிள்ளையை அப்படி நான் பார்த்ததே இல்லை: எண்ணெய் வைத்து, படிய வாரி, இரட்டைப் பின்னல் போட்டு, மடித்துக் கட்டிய சிவப்பு ரிப்பன். வேலை நாளில் லயத்துப் பிள்ளைகள் யாருக்கும் அப்படித் தலை சீவ நேரம் இருக்காது.

பெரிய சாருக்குப் பெரியவர்களை வரிசையில் விசாரிக்கும் வழக்கம் இல்லை. ஆனாலும் வரிசையில் நின்றதால் மரியாதையாகவே கேட்டார்.

"அம்மா, தங்கள் காரணம்?"

வீராயி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். கூட்டத்தைப் பார்த்துப் பேசிப் பழக்கம் இல்லாதவள். ஆனால் பெரட்டுக்களத்தில் பேர் சொல்லும் குரல் வந்தது.

"எனக்கு இன்னைக்கிப் பேரு இல்லைங்க சார். வெரட்டிட்டாங்க. விடிய எம்புள்ளயோட பேச வேண்டியிருந்துச்சி, பேசிட்டுத்தான் போனேன், லேட்டு. நாந்தான் லேட்டு. இந்தப் புள்ள வாய்க்கும் எம்பேருக்கும் ஒரு சம்பந்தமும் கெடயாது. பேரு போனா அது எம்பேரு, நான் பாத்துக்குவேன். அவ பேசட்டும். அவ வாயி, அவ பேசட்டும்."

சொல்லிவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த சரசுவைப் பார்த்தாள். "இதயும் போயி ஒந்தாத்தாகிட்டச் சொல்லு கண்ணு. ஒண்ணும் விடாமச் சொல்லு."

சரசு தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், அவளும் சின்னப் பிள்ளைதான். பிறகு அவளை மடியில் வைத்துச் சமாதானம் செய்தேன்.

சார் கண்ணாடியைக் கழற்றவில்லை. கொஞ்சம் குனிந்து, "உன் காரணம் என்ன, பாக்கியம்?" என்றார். "விரும்பினால் சொல்லலாம். விரும்பாவிட்டால்..."

பாக்கியம் அம்மாவை அண்ணாந்து பார்த்தாள். வீராயி கையை மட்டும் விட்டாள். பிள்ளையின் இரண்டு விரலும் உதட்டுக்குப் போயின. விரல் உதட்டைத் தொட்டது, பிடிக்கவில்லை, கீழே இறங்கியது.

"எங்கம்மாதான் சார் லேட்டு!" என்றாள், தகரக் கூரை கேட்கும்படி. "சீவுறாங்க, சீவுறாங்க, சீவிக்கிட்டே இருக்காங்க. ரிப்பன் கோணலுன்னு அவுத்து மறுபடி கட்டுறாங்க. மணி அடிக்குது, கேக்க மாட்டேங்குறாங்க. நான் எப்பவோ ரெடி சார்!"

பாடசாலை விழுந்து விழுந்து சிரித்தது. பெரிய சாரும் சிரித்தார், வாய்விட்டு. வீராயி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்க நான் போகவில்லை, என் கண்ணே சரியாக இல்லை.

அன்று குரோட்டன் செடிப் பக்கம் யாரும் போகவில்லை. கங்காணி திருந்தினார் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகும் வீராயியை அவர் ஏசினார், சமயத்தில் வெரட்டவும் செய்தார். வீராயி திருப்பி ஏசக் கற்றுக்கொண்டாள். பாக்கியத்துக்கும் எப்போதாவது வயிறு வலிக்கும், அப்போது "டீச்சர், வயிறு வலிக்கிது" என்று சொல்லுவாள்.

சனிக்கிழமை வலப்பனையிலிருந்து சித்தப்பா வந்தார். பிள்ளையைக் கூட்டிப்போகத் துணிப்பையோடு வந்த மனிதருக்கு வீராயி சோறு போட்டு, தேத்தண்ணி கொடுத்து, வெறும் பையோடு அனுப்பினாள். பாக்கியம் சந்திவரை கூடப் போனாள். பஸ் வரும்வரை தம்பியின் காய்ச்சல், ஆயம்மாவின் இருமல், பெரிய சாரின் குடை என்று ஒன்றும் விடாமல் நடித்துக் காட்டினாளாம். பஸ்ஸில் கால் வைத்தவர் திரும்பி, வழியனுப்பப் போயிருந்த வேலுவிடம் கேட்டாராம்: "ஏண்ணே, பேசாத புள்ளன்னு சொல்லிவிட்டீங்களே, அது எங்க?"